உட்கார்ந்து ஒரு சாப்பாடு

"இன்னொரு தடவை எந்திரிச்சீங்கன்னா, நாற்காலியோட சேர்த்துக் கட்டிப் போட்டுடுவேன், பார்த்துக்கோங்க!"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாதி எழுந்துவிட்ட கணவன் அசட்டுச் சிரிப்போடு மறுபடி உட்கார்ந்தான்.

"இல்லம்மா, தண்ணி ஜாடி காலியா இருக்கு. அதான்..."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கடைக்காரம்மா கொண்டு வருவாங்க. காசு கொடுத்துத்தானே சாப்பிடுறோம்?"

கப்பல் காலையில்தான் அந்தத் தீவுக்கு வந்திருந்தது. சாயங்காலம் வரை கரையில் சுற்றலாம். அவன் வேலை பார்க்கிற இடத்தில் கிடைத்த சலுகை டிக்கெட்டில் வந்த பயணம். அலையில் கால் நனைத்தார்கள். மணலில் வீடு கட்டினார்கள். கட்டிய வீட்டை வாண்டே மிதித்து உடைத்தாள். வாண்டு என்பது ஏழு வயது மகளுக்கு வீட்டில் வைத்த பேர். அதற்கு ஏற்றபடிதான் அவளும் இருந்தாள். பசி வந்ததும் தென்னந்தோப்பு ஓரமாக இருந்த இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். கீற்றுக் கூரை, ஒரு பக்கம் ஆடுகிற மேஜை, உள்ளே மீன் பொரிகிற வாசனை.

அவளுக்கு இன்றைக்கு ஒரே ஒரு ஆசைதான். புருஷன் தன்னோடும் மகளோடும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். முதல் கவளத்திலிருந்து கை கழுவுகிற வரை நடுவில் எழுந்திருக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கப்பல் ஏறினதிலிருந்து நானும் பார்க்கிறேன். எங்க மேஜையில ஒரு தடவையாவது உட்கார்ந்தீங்களா?"

"நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு?"

"மேஜை மேஜையாப் போய் நின்னு சிரிச்சுப் பேச மட்டும் நேரம் இருக்கு. நேத்து யாரோ ஒரு பெரியவருக்குப் பிறந்தநாள்னு பாட்டுப் பாடிக் கை தட்டினீங்களே! என் பிறந்தநாளுக்கு ஒரு வரி பாடியிருப்பீங்களா?"

"என் குரலை நீ தாங்குவியான்னுதான் பாடலை."

பக்கத்து மேஜையில் யாரோ கரண்டியைத் தவற விட்டார்கள். சத்தம் அடங்குவதற்குள் அவன் எழுந்து போய், அதை எடுத்து ஓரமாக வைத்து, வேறு கரண்டி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். கடைக்காரம்மாவுக்கே ஆச்சரியம்.

"ஏங்க, உங்க வீட்டுக்காரர் ஒரு இடத்துல இருக்க மாட்டாரா?"

"கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவருங்க. வேணும்னா நீங்களே வச்சுக்கோங்க."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. திடீரென்று ஒரு யோசனை தோன்றியது.

"வாண்டு, இங்க வா. அப்பா மடியில ஏறி உட்காரு. நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது."

"தூக்கம் வந்தா?"

"அங்கேயே தூங்கு."

வாண்டு ஏறி, அப்பாவின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். இனி அவனே நினைத்தாலும் எழுந்திருக்க வழியில்லை.

சோறும் மீனும் ஆவி பறக்க வந்தன. பரிமாறலாம் என்று அவன் கையை நீட்டினான். அந்தக் கையில் செல்லமாக ஒரு அடி வைத்துவிட்டு அவளே பரிமாறினாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"போதும், போதும்."

"போதும்னு நான்தான் சொல்லணும். பேசாம சாப்பிடுங்க."

அவன் முள் எடுத்து மகளுக்கு ஊட்டினான். மகள் பதிலுக்கு அவன் வாயிலும் மூக்கிலுமாக ஊட்டினாள். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டபோது அவன் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காரம்."

"குழந்தைக்குன்னு காரமே போடாம வாங்கினதுங்க இது."

அவன் அடுத்த கவளத்தை உருட்டினான். கடைசிப் பருக்கை வரை உட்கார்ந்தே சாப்பிட்டான். கை கழுவிய பிறகு, மறுபடி மடியில் ஏறிய வாண்டுக்கு மேஜையிலிருந்த காகிதத்தை மடித்து ஒரு குருவி செய்து கொடுத்தான். வெயிலில் கறுத்துப் போயிருந்த அவன் மூக்கைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிற்றோடு மனசும் நிறைந்திருந்தது.

தூரத்தில் கப்பல் ஊதியது. அவன் மகளை இறக்கிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எழுந்தான்.

"நேரமாச்சு. நீங்க மெதுவா வாங்க, நான் முன்னால ஓடுறேன்."

"இன்னும் யாருமே கிளம்பலையேம்மா?" என்றாள் வாண்டு.

"அப்பா அப்படித்தான். போகட்டும் விடு."

அவள் தடுக்கவில்லை. கேட்டதுதான் கிடைத்துவிட்டதே.

இரவுச் சாப்பாட்டுக்குக் கப்பலின் பெரிய கூடத்தில் தாயும் மகளும் வழக்கமான மேஜையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாற்காலி வழக்கம்போலக் காலியாக இருந்தது. தட்டின் மேல் துணியில் மடித்த குருவி ஒன்று இருந்தது. வாண்டு சுற்றிலும் பார்த்தாள். எல்லா மேஜையிலும் அதே குருவிதான்.

"அம்மா சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கா?"

வாண்டு தலையை ஆட்டினாள்.

"குட் ஈவினிங் மேடம். என்ன கொண்டு வரட்டும்?"

வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, கையில் தண்ணி ஜாடியும் வெயிலில் கறுத்த மூக்குமாகப் பக்கத்தில் வந்து நின்ற சர்வரிடம், "எனக்கு ஐஸ்கிரீம், அங்கிள்" என்று சொல்லிவிட்டு வாண்டு சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். அம்மாவோ மெனு அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலை நேரத்தில் வீட்டுப் பேச்சு கூடாதென்று கவனித்தபடி பின்னால் நின்ற மேற்பார்வையாளருக்குக் கேட்காத குரலில், "நீங்க எப்பங்க சாப்பிடுவீங்க?" என்று தன் புருஷனைக் கேட்டாள்.