வெற்றித்தூணின் முகம்

துணி விலகியதும் கூட்டம் கை தட்டியது.

தூணின் முன்னால் கல் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து நின்றான். பீடத்தில் ‘1971 போர் வெற்றித்தூண்’ என்றும், அதன் கீழே ‘தருமன்’ என்றும் வெட்டியிருந்தது.

கீழ்பென்னாத்தூரை அடுத்த அந்த ஊரிலிருந்து போருக்குப் போனவன் அவன் ஒருவன்தான். தந்தி வந்தது. உடல் வரவில்லை.

அவன் அம்மா சந்திரம்மாளை அழைத்து, சம்பங்கி மாலையைக் கையில் கொடுத்தார்கள். சிலையின் கழுத்து எட்டுவதற்குப் பலகையில் படி போட்டிருந்தது.

ஏறினாள். முகத்துக்கு நேராக நின்றாள். மாலையைத் தூக்கிய கை இறங்கிவிட்டது.

அழப்போகிறாள் என்று கூட்டம் அடங்கியது. அவள் அழவில்லை. திரும்பி, பந்தல் காலருகே நின்ற இளைய மகன் அர்ஜுனனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மெதுவாக இறங்கி, மாலையைத் தருமனின் பெயர் மேல் சாத்தினாள். பிறகு சிற்பி ராஜமாணிக்கத்திடம் போனாள்.

“ஒருத்தன குடுத்துட்டேன். உயிரோட இருக்கறவன் மூஞ்சிக்கும் மாலை போடச் சொல்றீங்களா? எடுத்துடுங்க.”

வீட்டில் தருமனின் போட்டோ ஒன்றுகூட இல்லை. பட்டாளத்துக்கு எழுதிக் கேட்டும் வரவில்லை. விழா நெருங்கிவிட்டது. அண்ணன் ஜாடை எனக்கு இருக்கிறது என்று அர்ஜுனன்தான் அம்மாவுக்குத் தெரியாமல் அடி அண்ணாமலைக்குப் போய், சிற்பியின் கொட்டகையில் நின்றிருக்கிறான். ராஜமாணிக்கம் ஜாடையோடு நிறுத்தவில்லை. அர்ஜுனன் மோவாயில் இருந்த தழும்பு வரைக்கும் கல்லில் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மறுநாள் காலையில் உளியோடு வந்தார். நெற்றியில் தொடங்கி மோவாய் வரை முகத்தைச் செதுக்கி எடுத்தார். அர்ஜுனன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். கல்தூள் அவன் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது.

பத்து வருஷமாகிவிட்டது. தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் வேனை நிறுத்தி இறங்கிப் பார்க்கிறார்கள். போரில் மாண்ட சிப்பாய்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் முகம் வைக்காமல் விட்டிருக்கிறார்கள், எவ்வளவு பெரிய கற்பனை என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படித்தானே என்று எதிரே சைக்கிள் கடையில் கேட்கிறவர்களும் உண்டு.

“ஆமாங்க” என்பான் அர்ஜுனன்.