வண்டியை ஓட்டியவர்

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ராவுத்தரே. அன்னைக்கு வண்டியை ஓட்டினது யாரு?” மதுரையிலிருந்து வந்த இன்சூரன்ஸ் அதிகாரி மறுபடியும் கேட்டார்.

“நான்தான்” என்றார் உத்தமபாளையம் ஏலக்காய் வியாபாரி சேக் பரீத்.

“உங்ககிட்ட லைசென்ஸ் இல்லையே! டிரைவர் ஒச்சாண்டி ஓட்டியிருந்தா, சீமைக் காருக்கு முழுப் பணமும் வரும். நீங்க ஓட்டியிருந்தா பாலிசி ரத்து. போலீஸ் கேசும் உங்க தலையிலதான் விழும்.”

“நான்தான் ஓட்டினேன். எழுதிக்கிருங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

குமுளி மலைப்பாதையில் கார் உருண்டபோது, மலை பார்க்க ஆசைப்பட்டுக் கூட வந்த ஒச்சாண்டியின் எட்டு வயது மகள் அங்கேயே இறந்துபோனாள். தலையில் அடிபட்ட ஒச்சாண்டிக்கு அன்று நடந்தது எதுவுமே நினைவில்லை.

இப்போது அவன் தலைக்கட்டோடு வாசலில் நின்றிருந்தான். பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

“ஓட்டத் தெரியாம எதுக்கு மொதலாளி வண்டியத் தொட்டீக? எம்புள்ளையக் கொன்னுபுட்டீகளே!” என்று கதறி, மண்ணை வாரி அவர் மேல் எறிந்தான். “இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

அவன் தெருமுனை தாண்டும்வரை சேக் பரீத் அசையாமல் நின்றார்.

உள்ளேயிருந்து வந்த மனைவி ஜெய்த்தூன் பீவி, அவர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடியே அழுதாள். “நீங்க பின்சீட்டுலதானே இருந்தீக? அவன்தான் ஓட்டினான்னு ஏன் சொல்லல?”

“பெத்த புள்ளைய நம்ம கையாலயே கொன்னுட்டோம்னு தெரிஞ்சா, அவன் உசுரோட இருப்பானா ஜெய்த்தூன்? என்னைய வைஞ்சுக்கிட்டாவது இருக்கட்டும்.”