ஸ்ட்ரோபெரிச் சம்பந்தம்

"சாணுக்கு ஒரு கன்று நடவேணும். அதுக்கு மேல இடம் விட்டா நட்டம்தான்!"

பால்கனியில் இருந்து மகள் சுரேகாவின் குரல் கேட்டதும் தவமலருக்குத் திக்கென்றது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையோடு தனியாகக் கதைத்துவிட்டு வா என்று அனுப்பினால், இவள் அங்கேயும் ஸ்ட்ரோபெரிப் பயிர்க் கதையை ஆரம்பித்துவிட்டாளே! போன தடவை வந்த டொக்டர் மாப்பிள்ளை இதைக் கேட்டுத்தான் கொட்டாவி விட்டபடி எழுந்து போனான். இதுவும் தட்டிப்போனால் இனி எந்தத் தரகர் இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டின் படி ஏறுவார்?

"பிழை. ஒரு அடியாவது விடவேணும்" என்றான் மாப்பிள்ளை நிரோஜன். "நெருக்கி நட்டா கன்றுக்கே காசு கரைஞ்சிடும். காத்துப் போகாது, மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். பழமும் சின்னனாப் போகும். ஹோட்டல்காரர் தொடவும் மாட்டினம்."

தவமலர் வாயைப் பிளந்தாள். வங்கியில் வேலை பார்க்கிற பெடியன், பதிலுக்குப் பதில் கொடுக்கிறானே!

"சரி, மண்ணை எதால மூடுறது? வைக்கலாலயா?"

"கறுப்புப் பொலித்தீனால."

"அது விலையெல்லோ!"

"களை பிடுங்குற கூலி மிச்சமெல்லோ! பழம் சேத்தில படாது, அழுகாது. ஈரமும் நிக்கும்."

குரல்கள் ஏறின. கோபித்துக்கொண்டார்களோ? 'முருகா!' என்று தவமலர் கையைப் பிசைந்தாள்.

"அப்ப இப்பிடிச் செய்வம்!" சுரேகா கத்தினாள். "பாத்திக்கு ரெண்டு வரிசை. நேருக்கு நேர் நடாம மாறி மாறி நடுவம். ஒரு அடியும் கிடைக்கும், கன்றும் குறையாது!"

"அட, அதுதான் லாபம்! இவ்வளவு நாளும் எனக்கு இது ஓடேல்லையே!"

ஹோலில் மாப்பிள்ளையின் தகப்பன் சவுந்தரநாயகம் கையில் எடுத்த பற்றிஸ் பலகாரத்தைக் கடிக்கவே மறந்திருந்தார்.

"கேட்டனீங்களோ அண்ணை?" என்றாள் தவமலர்.

"இனி என்ன அண்ணை? சம்பந்தி எண்டு கூப்பிடுங்கோ! என்ர பெடியன் வீட்டிலயே வாய் திறக்கமாட்டான். இண்டைக்குப் பாருங்கோ! ஆவணியிலயே நாள் வைப்பம்."

பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. இருவர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு.

"அம்மா, முடிவெடுத்திட்டம்!"

தவமலர் கற்கண்டுத் தட்டோடு ஓடினாள். "வாயைத் திறவுங்கோ தம்பி!"

"நுவரெலியாவில காணி றெடியாம். வாற மாசமே மூண்டு பேருமாச் சேர்ந்து நடப்போறம்."

"மூண்டு பேரா? ஆரடி மற்ற ஆள்?"

"கலியாணம் சரிவராதெண்டு தேத்தண்ணி ஆறமுந்தியே இவர் சொல்லிப்போட்டார், அம்மா. அந்தக் காணி, இவர் கட்டப்போற றோஸியின்ர!"