சிவப்புப் பாகில் வெள்ளை வட்டம்

சமையலறை ஜன்னல் வெயிலில், சம்பந்தியம்மா பார்த்திருக்க, என் மனைவி ஜாடியைத் திறக்கிறாள். ஏழு கடலையும் சிவப்பாக்கப் போதுமான செம்பருத்திப் பாகு. மேலே முழுநிலவு அளவுக்கு வெள்ளைப் பூஞ்சை. புளித்த வாடை மூக்கைக் கிள்ளுகிறது. "சொட்டு ஈரம் படாம பொத்திப் பொத்தி வெச்சேனே!" அவள் மூடியை முகர்ந்து பார்க்கிறாள். "விடுங்க சம்பந்தி, யாராச்சும் ஈர ஸ்பூன விட்டிருப்பாங்க." "யாரு விடப்போறா? இவருக்கோ சுகர், இனிப்புப் பக்கமே திரும்ப மாட்டார். எல்லாம் என் கைராசி." நாலு தெருவுக்குக் கேட்கப் பேசும் நான் மெல்லக் கதவோரம் நகர்கிறேன். தினமும் கழுவிய ஈரத்தோடு நான் அந்த ஜாடிக்குள் விட்ட ஸ்பூன், இன்று அடுத்த பாகு ஜாடியில் முங்கிவிட்டு என் சட்டைப் பையில் ஒளிந்திருக்கிறது. வெள்ளைச் சட்டையில் சிவப்பு மெல்லப் படர்கிறது. கையால் அழுத்தி மூடுகிறேன். "ஐயோ, என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" ஜாடியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறாள்.