தேவையில்லாத பார்சல்கள்

வாசல் மணி அடித்ததும் அபயாம்பாள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

மூட்டு வலிக்காரி. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அவள் ஓடிக் கணவர் சுந்தரராமன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதற்குள் அவரே கதவைத் திறந்துவிட்டார். பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டெலிவரிக்காரன் நின்றிருந்தான். படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"மானசா மேடம்?"

எதிர் ஃபிளாட்டைக் கைகாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பிப் பார்த்தால், அபயாம்பாள் ஹால் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

போன மாதம்தான் பாடுபட்டு நிறுத்தியிருந்தார். அதுவரை, ஆபீஸ் முடிந்து வீடு திரும்பினால் ஏதாவது ஒரு அட்டைப்பெட்டி காத்திருக்கும். ஒருநாள் ரப்பர் பேண்ட். இன்னொரு நாள் பாட்டில் கழுவும் பிரஷ். வீட்டில் டார்ச் இருக்கும்போதே இன்னொரு டார்ச். பாதிப் பெட்டிகளை அவள் பிரிப்பதுகூட இல்லை, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள்.

அவர் சத்தம் போடவில்லை. அவருக்குத் தெரிந்த விதத்தில் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். கீழே இறங்கினால் மாட்டுங்கா ஸ்டேஷன் வரை கடைகள். எதற்காக எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்க வேண்டும்? நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசினால் மனசுக்கும் நல்லதுதானே?

அவள் போனை நீட்டினாள். அந்த ஆப்பை அவரே அழித்தார்.

அன்றிலிருந்து அவள் கடைக்குப் போகிறாள். மளிகைக் கடைக்காரர், பூக்காரி, காய்கறி வண்டிக்காரர் எல்லாரும் அவளை நன்றாக அறிந்தவர்கள். "சௌக்கியமா மாமி?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"திரும்ப ஏதாவது ஆர்டர் பண்ணினியா அபயம்?"

"இல்லேன்னா. சத்தியமா இல்லே." அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மணி அடிச்சதும் ஒரு நிமிஷம் மறந்துட்டேன். அவன் பேரைத்தான் சொல்லப் போறான்னு நினைச்சேன்."

சுந்தரராமனுக்குப் புரியவில்லை.

"போன் அவனோடதுதானே? அதுல அவன் பேர்தானே இருக்கு? வர்றவா எல்லாரும் வாசல்ல நின்னு 'நகுல் ஹை க்யா'ன்னு கேப்பா. வெளியில போயிருக்கான்னு சொல்லி வாங்கிண்டுடுவேன்."

அவர் சோபாவில் உட்கார்ந்தார்.

நகுல் பைக்கில் போய்த் திரும்பி வராமல் போனது போன வருஷ மழையில். இருபத்தாறு வயது. சுனாபட்டியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், அவன் பேச்சு வந்துவிடாமல் இருக்க உலகத்தில் உள்ளதையெல்லாம் பேசுவார்கள். வாயில் வந்துவிட்ட பெயரைப் பாதியில் விழுங்குவார்கள். அவள் அழுதுவிடுவாள் என்கிற பயம்.

எல்லாரையும் விட அவருக்குத்தான் அந்தப் பயம் அதிகம். சயான் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு மகனின் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

யாரோ முகம் தெரியாத ஆட்கள்தான் படியேறி வந்து, அவன் உள்ளே எங்கோ இருப்பதுபோல், அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் அவர் நிறுத்திவிட்டார்.

எதிர் ஃபிளாட்டில் மானசா கதவைத் திறந்து பார்சலை வாங்கும் சத்தம் கேட்டது. டெலிவரிக்காரன் படியிறங்கிப் போனான்.

அபயாம்பாள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நகுல்..." என்றார் சுந்தரராமன்.

அவள் நின்றாள்.

கனைத்துக்கொண்டார். "நகுல் இருந்தா, இந்நேரத்துக்குப் பசிக்கறதுன்னு உள்ளே பாத்திரம் பாத்திரமாத் திறந்து பாத்துண்டு இருப்பான்."

அவள் மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணையாவது திரும்ப மூடி வைப்பானோ?" என்றாள்.