சின்னவள் உட்காராத இருக்கை

"தொட்டுப் பாரும்மா, கடிக்காது. கழுத்தை மட்டும் திருப்பிடாதே, உள்ள பூரா சென்சார்."

கார் மோதல் சோதனைக்கூடத்தின் டெக்னீஷியன் சிரித்தார். சுவரோரம் பதினோரு பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆளளவு உடம்பு, மஞ்சள் ரப்பர் தோல், மடியில் கைகள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம்.

என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவர்களுக்காக அன்று கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. இந்தப் பெண் மட்டும் நகரவில்லை. அவளுடைய அப்பா, இன்னும் கையெழுத்துப் போடாத கல்லூரி விண்ணப்பத்தோடு வாசலிலேயே நின்றார். ஐந்து மணிக்குள் அதை அனுப்பியாக வேண்டும்.

"ஏன் சார் இங்க இவ்வளவு சில்லுனு இருக்கு?"

"ரப்பர் சூட்டுல இளகும், குளிர்ல விறைக்கும். ஒரே சூட்டுல வெச்சாதான் விலா எலும்பு எவ்வளவு அமுங்குச்சுன்னு கணக்கு சரியா வரும்." அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "மோதறதுக்கு முன்னாடி முகத்துல சாயம் பூசுவோம். நெத்திக்குச் சிவப்பு, கன்னத்துக்குப் பச்சை. அப்புறம் கார்ல எங்க எந்தக் கலர் ஒட்டியிருக்குன்னு பாத்தா, எது எங்க இடிச்சதுன்னு தெரிஞ்சிடும்."

வாசல் பக்கம் திரும்பினார். "உள்ள வாங்க சார்! பொண்ணு மெக்கானிக்கல் எடுத்தா கையில கிரீஸ் ஒட்டிக்கும்னு பயமா?"

"வேற எது வேணாலும் படிக்கட்டும். இது வேண்டாம்."

"காலைலேருந்து இதே பாட்டுதான் சார்" என்றாள் பெண்.

டெக்னீஷியன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "சார், அந்த நடு பொம்மையும் நீங்களும் அச்சு அசல் ஒரே அளவு! இவனை வெச்சுத்தான் பெல்ட்டு, மோதினதும் விரியற ஏர்பேக் பலூன் எல்லாம் சரி பண்றோம். எப்படி மோதினாலும் உங்களுக்கு ஒரு கீறல் விழாது, எழுதியே தர்றேன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடைசில சின்னதா ஒண்ணு இருக்கே?"

"அதுதான் பொம்பளை பொம்மை. இவனையே சுருக்கிச் செஞ்சது. எப்பவாவது பக்கத்து சீட்டுல வைப்போம்."

"ஸ்டீயரிங் பக்கம்?"

"வெச்சதில்லை."

"ஏன், அவ ஓட்ட மாட்டாளா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க பட்டியல்ல அப்படி ஒரு சோதனை இல்லம்மா."

"குள்ளமா இருந்தா பெடல் எட்டாது. சீட்டை முன்னால இழுத்து, நுனியில உட்காருவா. ஸ்டீயரிங் நெஞ்சுக்கு ரொம்பக் கிட்ட வந்துடும். பலூன் விரிய இடம் இருக்குமா சார்?"

"இருபது வருஷத்துல இதை யாரும் கேட்டதில்லை" என்றார் அவர் மெதுவாக. சின்ன பொம்மை அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

அவள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "இந்த அளவுக்கு ஒண்ணு செய்ய முடியுமா?"

மடிப்புக்கு மேலே இரண்டு வரிகள் மட்டும் தெரிந்தன. உயரம் 151. எடை 54.

"டெய்லர்கிட்ட குடுக்கிற மாதிரியில்ல இருக்கு! யாரோட அளவு?"

"அம்மாவோடது."

"அடடா, அவங்களையும் கூட்டிட்டு வந்திருந்தா நானே டேப்பு வெச்சு அளந்திருப்பேனே!"

சிரித்துக்கொண்டே மடிப்பைப் பிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அது பிரேதப் பரிசோதனை அறிக்கை. மூன்றாவது வரியில் உடைந்த விலா எலும்புகளின் எண்ணிக்கை இருந்தது.

அப்பா முதல் முறையாக உள்ளே வந்தார். தன் அளவுப் பொம்மையின் தொடைமேல் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பக்கத்து சீட்டுல நான்தான் இருந்தேன். நீங்க சொன்னது சரிதான் சார்" என்றார். "ஒரு கீறல்கூட விழலை."