தெளிந்த தண்ணீருக்கு ஒரு மரமீன்

அவர் தங்கூசித் தூண்டில் நரம்பை மெல்ல இழுத்தார்.

கண்ணாடித் தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மரமீன் நீந்தியது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வயிற்றுக்குள் பொதிந்த ஈயத்துண்டு அதை மிதக்கவும் விடாமல் மூழ்கவும் விடாமல் நடுத்தண்ணீரில் நிறுத்தியது. வால் லேசாக ஆடியது.

கட்டிலில் மனைவி பிரகாசியின் கண்கள் திறந்திருந்தன.

அவை அசையவில்லை.

மீன் இன்னும் தேறவில்லை போல என்று அதை வெளியே எடுத்தார். தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். தலைப்பக்கம் கனம் கூடிவிட்டதோ என்று சந்தேகம். பேனாக்கத்தியால் ஒரு சீவல் எடுத்தார்.

தெளிந்த தண்ணீரில் மீனை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கடல் கலங்கிக் கிடக்கும்போது எதை எறிந்தாலும் பாறைமீன் பாய்ந்து கவ்வும். மழை ஓய்ந்து தெளிந்துவிட்டால் அதற்குக் கண் வந்துவிடும். அதிலும் ஞாயிற்றுக்கிழமையானால் இந்த ஊர் அலைத்தடுப்புக் கற்களில் மீனைவிடத் தூண்டில்காரர்கள் அதிகம். நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்குவார்கள். மினுங்குவது, கிலுகிலுப்பது என்று அவர்கள் எறியாத பிளாஸ்டிக் பொய்மீன் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மீன்களுக்கு அலுத்துவிட்டது. கிட்டே வரும். பார்க்கும். திரும்பிப் போய்விடும்.

அதனால்தான் மரமீன் கேட்டு அவரைத் தேடி வந்தார்கள். சத்தம் கூடாது, பளபளப்பு கூடாது. அடிபட்ட நெத்திலி ஒன்று தன் பாட்டுக்குத் தள்ளாடிப் போகிற மாதிரி இருக்க வேண்டும்.

முருக்கு மரத்தில் அவர் செதுக்குவார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். தேறியதா இல்லையா என்று சொல்வது என்றைக்கும் பிரகாசிதான்.

சந்தையில் மீன் விற்றவள். கூடையை இறக்கும்போதே எது நேற்றைய மீன் என்று கண்டுபிடித்துவிடுவாள். தொட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பாள். செத்த மீனுக்குச் சப்பரம் தூக்குகிறீரா என்று கேட்பாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் போய் மறுபடி செதுக்குவார். அவள் சரியென்று சொல்லாத ஒன்றையும் அவர் விற்றதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வாதம் வந்து அவள் விழுந்தாள். கை போயிற்று, கால் போயிற்று, அந்த வாயும் போயிற்று. அந்த வாய் இல்லாத வீட்டில் இருக்க அவருக்குப் பயமாக இருந்தது.

கண்கள் மட்டும் மிஞ்சின.

ஒரு நாள் தொட்டியைத் தூக்கிக் கட்டிலோரம் ஸ்டூலில் வைத்தார். மரமீனை விட்டு இழுத்தார். அவள் கண்கள் அதன் பின்னாலேயே கோடிவரை போயின. அவர் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதார்.

கண் தானாகவும் அசையும், அதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள் என்று வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ் சொன்னாள். அதிலிருந்து அவருக்கு அந்த நர்ஸைப் பிடிக்காமல் போயிற்று.

அவர்களுக்குள் பேச்சு என்று மிஞ்சியது அதுதான். மீன் சரியாக நீந்தினால் கண் கூடவே வரும். கோளாறு இருந்தால் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். சில நாள், நன்றாக வந்ததையும் வேண்டுமென்றே ஒதுக்குகிறாளோ என்று தோன்றும். ஒதுக்கினால் மறுநாளும் அவளோடு மல்லுக்கட்டலாம். அதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

இந்த மீனை நேற்று சாயங்காலம் முக்கால் தூரம் பார்த்தாள்.

கால் தூரம்தான் பாக்கி.

மறுபடி தொட்டியில் விட்டு இழுத்தார்.

கண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

வாலில் தொங்கும் தூண்டில்முள் இழுக்கிறதோ என்று அதைக் கழற்றினார். இப்போது மீன் இன்னும் இலகுவாகப் போனது. நடுவில் ஒரு கணம் தயங்கியது, சாய்ந்தது, சமாளித்துக்கொண்டு மேலே போனது. இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்த மீன் என்று அவருக்கே தெரிந்தது.

தெரிந்ததும் அவசரமாகக் கத்தியை எடுத்தார்.

மகள் ஜெனிட்டா காலைக் கஞ்சியோடு உள்ளே வந்தாள். அம்மாவைத் தூக்கிச் சாய்க்கக் கழுத்துக்குக் கீழே கை கொடுத்தவள், அப்படியே நின்றாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

அழத்தான் வாயைத் திறந்தாள். மரத்தூள் ஒட்டிய விரல்களோடு அப்பா தொட்டியின்மேல் குனிந்திருப்பதைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

“யப்பா,” என்றாள். “மீனு நல்லாத்தான் நீந்துது.”

அவர் மீனைப் பழையபடி இந்தக் கோடிக்குக் கொண்டுவந்து விட்டார்.

அவள் சிலுவை வரைந்துகொண்டாள். அம்மாவின் இமைகளை மூடக் கையை நீட்டினாள்.

அவர் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறு மக்ளே. அம்ம இன்னும் பாக்கல்ல.”

மறுகையில் நரம்பு இருந்தது. இந்தத் தடவை இன்னும் மெதுவாக இழுத்தார்.